தாடையை மூடும் ஹெல்மெட்

என் மனைவியின் தம்பியும் நானும் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். வாரம் முழுக்க பைக்கில் வேலைக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அதே பைக்கை ஊரோரம் பாலகாட் பக்கம் சயனைட் மேடுகளில் ஏற்றுவான். எங்கள் ஊர்ச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில் சயனைடால் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், மலை மலையாகக் குவிந்திருக்கும் இடம் அது. தலையில் கைக்குட்டை மட்டும் கட்டியிருப்பான். பக்கத்துத் தெருவில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து இறந்ததிலிருந்து என் மனைவிக்குத் தூக்கம் சரியில்லை. கூடப் போய் அவனுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கும்படி என்னை விரட்டினாள்.

ஆண்டர்சன்பேட்டையில் பழசும் புதுசும் விற்கும் கடையில், நெற்றிக்கு மேல் வெயில் மறைப்பு நீட்டிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் முதலில் எடுத்தான். முகம் திறந்தே இருக்கும். போட்டதும் கச்சிதமாகப் பொருந்தியது. நான் அதை வாங்கி உள்பக்கத் துணியை விலக்கினேன். ஒரு பக்கம் தெர்மாகோல் நசுங்கியிருந்தது. விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. மூட்டை அழுத்தியிருக்கும் என்றார் கடைக்காரர். நான் கீழே வைக்காமல் நிற்கவும் குரலைத் தாழ்த்தினார்.

"போட்டிருந்தவரு இப்ப இல்லீங்க. வூட்ல வெச்சுக்க மனசில்லன்னு குடுத்துட்டாங்க."

மச்சான் கைகளைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

தாடை வரை மூடும் புதியது ஒன்றைக் காட்டியபோது முனகினான். மேடு ஏறும்போது மூச்சு முட்டும், கண்ணாடியில் ஆவி படியும் என்றான். வாரை இறுக்கித் தலையை ஆட்டச் சொன்னேன். கன்னம் அழுந்தியது, ஹெல்மெட் அசையவில்லை. அதையே வாங்கினோம்.

அடுத்த ஞாயிறு நானும் போனேன். முந்தின நாள் நல்ல மழை. மேட்டடியில் நிலம் கெட்டியாகத்தான் தெரிந்தது. என் கண்ணெதிரே முன்சக்கரம் மண்ணுக்குள் இறங்கியது. ஹேண்டிலுக்கு மேலாகத் தூக்கியெறியப்பட்டுக் கல்லில் முகம் குப்புற விழுந்தான். ஓடிப்போய்ப் புரட்டி, கண்ணாடியைத் தூக்கினேன். விழித்திருந்தான்.

"மாமா, பல்லு இருக்குதா பாருங்க."

பல் இருந்தது. ஹெல்மெட்டின் தாடைதான் பிளந்திருந்தது. முறிந்த தோள் எலும்புக்குக் கோலார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை பைக்கை எடுக்கப் போனேன். சக்கரம் இறங்கிய பள்ளம் அகன்றிருந்தது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கீழே பழைய சுரங்கம் ஓடியிருக்க வேண்டும். ஒரு கல்லைப் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை. பைக்கை இழுத்துக்கொண்டு, வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பினேன். சுரங்கக் காவலாளிகளிடம் சொன்னேன், சுற்றிலும் முள் வெட்டிப் போட்டார்கள்.

அன்று சாயங்காலம், பழைய சுரங்கங்களின் ஆழத்தில் பாறை தானாக வெடித்தால் எங்கள் ஊரில் எப்போதும் வருகிற அதிர்வு வந்தது. பாத்திரங்கள் குலுங்கின. மனைவி சமையலை நிறுத்தவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.