ஏற்றத்தில் நின்றவள்

ஏலக்காய் எடுக்கச் சிலமலையிலிருந்து ஆண்டுதோறும் மலையேறும் கூட்டத்தில் குருவம்மாளும் அவள் புருஷன் மாயாண்டியும் இருப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துநாலில், இரண்டாம் நாள் ஏற்றத்தில் மாயாண்டி காய்ச்சலில் சுருண்டு விழுந்தான்.

"மழை வருது ஆத்தா. அவனை விட்டுட்டு வெரசா நட," என்றார் கூட்டத்தை வேலைக்கு அழைத்துப்போகும் கங்காணி.

"நான் வரல. நீங்க போங்கண்ணே."

ஒருவரும் நிற்கவில்லை. கூட வந்த அவள் தம்பி சங்கையாவும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். விடிவதற்குள் மாயாண்டி அவள் மடியிலேயே அடங்கிவிட்டான். ஒற்றை ஆளாகக் கல்லை அடுக்கி உடலை மூடினாள்.

எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தவளிடம், "சுணங்கி வந்தா எப்படி? ஒன் சோலிய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு," என்றார் கங்காணி.

சங்கையா கஞ்சிச் சட்டியை நீட்டினான். அவள் தொடவில்லை, தனியாகவே மலையிறங்கினாள். பிறகு ராசிங்காபுரத்துக் காடுகளில் களையெடுத்துக் காலம் தள்ளினாள். தம்பி கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை.