இறங்கும் வரைபில் ஏறிய கோடு

பாடசாலை முற்றத்தில் கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. காரை நிறுத்திவிட்டு அதைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஜிம்னாசியத்தில், அதாவது டென்மார்க்கின் உயர்தரப் பாடசாலையில், ஆசிரியர் யாரும் இறந்தால் கொடியைப் பாதியில் நிறுத்துவார்கள். அடக்கம் முடிந்த பிறகு உச்சிக்கு ஏற்றுவார்கள். ஆசிரியர் அறை மேசையில் ஒரு மெழுகுதிரி எரிந்தது. பக்கத்தில் கௌரி ரீச்சரின் படம். வசந்தத்தில் வயிற்றுவலி என்று டொக்டரிடம் போனவரை நோய் இலையுதிர்காலம்வரைகூட விட்டுவைக்கவில்லை.

அவரை அறிந்தவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். நினைவு மலருக்கு எழுதித் தரும்படி எங்கள் இக்காஸ்ட் நகரத் தமிழ்ச் சங்கத்தில் கேட்டார்கள். அங்கே கொடுத்திருந்தால் பாதியை வெட்டியிருப்பார்கள். ஆகவே இங்கே, முகநூலில், எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், அது சரிதான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, எங்கள் பாடசாலையில் கணித ஆசிரியராக இருந்தவர் அவர். பக்கத்து வகுப்பறையில் நான் பௌதிகவியல் படிப்பித்தேன். ஞாயிறு காலைகளில் சங்க மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு அவர் கணித வகுப்பு நடத்தினார். நானும் உதவிக்குப் போவேன். எந்தக் கணிதச் சார்பைக் கொடுத்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் கணினியில் வரைபைக் காட்டிவிடுகிற பிள்ளைகள் அவர்கள். ரீச்சர் வந்ததும் கணினிகளை மூடச் சொல்வார். சார்புக்குப் பெறுமானம் இல்லாத இடத்தை முதலில் கண்டுபிடித்து, அங்கே எல்லையாக, துண்டு துண்டான ஒரு முறிகோடு கீற வேண்டும். பிறகு பெறுதியை, அதாவது வரைபின் சாய்வை, காண வேண்டும். அது எங்கே நேர், எங்கே மறை என்று சக (+), சய (−) அடையாளம் போட்டு, வரைபு ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் தீர்மானிக்க வேண்டும். அதுவரை வளைகோட்டில் பென்சில் படக்கூடாது.

"முதல்ல வரைபு போகேலாத இடத்தைக் குறியுங்கோ. போற இடத்தைப் பிறகு பாப்பம்" என்பார்.

ஒரு ஞாயிறு, எக்ஸை எக்ஸ் சய இரண்டால் வகுக்கும் சார்பைக் கொடுத்திருந்தார். ஒரு பிள்ளை கள்ளமாகக் கணினியைத் திறந்து பார்த்துக் கீறிக்கொண்டு வந்தாள். எக்ஸ் இரண்டாக இருக்கும் இடத்தில், அடியிலிருந்து உச்சிக்கு நேராக, வரைபின் பகுதிபோலவே, முறியாத ஒரு கோடு நின்றது. வரைபு அங்கே இரண்டு துண்டாகப் பிரிகிறது. இடையில் ஒன்றுமே இல்லை. கணினி புள்ளிகளைத் தொடுத்துக்கொண்டு போகும்போது இரண்டு துண்டையும் சேர்த்துவிட்டது. இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று ரீச்சர் கேட்டார். மெஷின் கீறியது என்று அவள் டெனிஷில் சொன்னாள்.

"இக்காஸ்ட் ஃபக்டரியளில தைக்கிற மெஷின் கனக்க இருந்தது. அதுகள் தைச்சது காணும் பிள்ளை. கணக்கைத் தைக்காதேங்கோ" என்றார். பிறகு அவளைக் கொண்டே பெறுதியைக் காணச் செய்தார். அது எங்கும் மறையாகவே வந்தது. "எல்லா இடத்திலயும் இறங்கிற வரைபு, ரெண்டில மட்டும் எப்பிடி மேல ஏறினது?" அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு அழிறப்பரை எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று ரசித்ததற்கு எனக்கும் கிடைத்தது: "எங்கட பௌதிக வாத்தியாருக்கும் மெஷின் சொன்னா வேதவாக்கு."

இனி, உங்களில் பலருக்குத் தெரிந்தும் பேசாத விடயம். சங்கத் தலைவரின் மகன் எங்கள் பாடசாலையில் ரீச்சரின் மாணவன். ஞாயிறு வகுப்புக்கு வந்தால் வந்தான், இல்லையென்றால் இல்லை. போன வருடம் வாய்மொழிப் பரீட்சைக்குப் பச்சைத் துணி விரித்த மேசையில் ரீச்சரும் வெளியிலிருந்து வந்த பரீட்சகரும் இருந்தார்கள். யாரும் வந்து பார்க்கலாம் என்பதால் தகப்பன் பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். நானும் இருந்தேன். பையன் கேள்விச் சீட்டு இழுத்தான். அதே மாதிரியான சார்பு. கணினியில் வரைபைக் காட்டினான். அதே கோடு நின்றது. பெறுதி எங்கும் மறை என்று அவனே பலகையில் எழுதியும் இருந்தான். அப்படியானால் இந்த இடத்தில் வரைபு ஏறுவது எப்படி என்று ரீச்சர் அமைதியாகக் கேட்டார். அவன் படத்தைப் பெரிதாக்கினான். கோடும் பெரிதாகியது. ரீச்சர் வேறு விதமாகவும் கேட்டுப் பார்த்தார். அவன் இன்னும் பெரிதாக்கினான்.

நான்கு கிடைத்தது. பன்னிரண்டு உச்சமான இந்த நாட்டில் நான்கும் சித்திதான், பெயில் இல்லை. ஆனால் தகப்பன் மருத்துவபீடத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். புள்ளியை நான் வெளியே விடவில்லை. சங்கக் கூட்டத்தில் அவரே ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னார்.

"எங்கட பிள்ளையை எங்கட ஆளே வெட்டினது. டெனிஷ்காரருக்கு நல்ல பேர் எடுக்கிறதுக்கு."

நான் எழும்பி, பரீட்சையில் நடந்ததை நீங்களும் இருந்து பார்த்தீர்களே அண்ணை என்றேன். கதிரையில் இருக்கச் சொன்னார்கள். ஞாயிறு காலையில் மண்டபம் வேறு தேவைக்கு வேண்டுமாம், கதவுத் திறப்பைத் தரட்டாம் என்று ரீச்சருக்குச் செய்தி போனது. அதன்பின் ஞாயிறு காலையில் அந்த மண்டபத்தில் ஒரு ஈகூட நுழையவில்லை. பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முந்திய வாரம்வரை ரீச்சர், ரீச்சர் என்று உருகியவர்கள்.

திறப்பைக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவர் என்னிடம் சொன்னது: "எனக்குக் கோபம் இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். ஆனா அந்தக் கோட்டை இனி ஆர் அந்தப் பிள்ளையளுக்கு அழிச்சுக் காட்டுறது?" அந்த வகுப்புத்தான் அவருடைய வாரம் முழுவதும். அது போனபின் பொங்கல் விழாவுக்குக்கூட அவர் மண்டபப் பக்கம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சங்கம் ஒரு பூக்கூடை அனுப்பியது. கணவர் ஜெகன் அதைத் தாதிமாரிடம் கொடுத்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கூட்டத்தை அதே மண்டபத்தில் வைத்தார்கள். அதே ஒலிவாங்கியில் அதே தலைவர், எங்கள் பிள்ளைகளுக்கு ஒளியாக வாழ்ந்தவர் என்று சொல்லிக் கண்ணையும் துடைத்தார். ஜெகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு நினைவு மலரைக் கையில் தந்தார்கள். அட்டையில் ரீச்சரின் சிரித்த முகம். முகத்துக்குப் பின்னால், அவர் நினைவாக, ஒரு பெரிய வரைபு. எக்ஸ் இரண்டாகும் இடத்தில், அடியிலிருந்து உச்சிக்கு, தங்க நிறத்தில் அந்தக் கோடு.

சாப்பாட்டு நேரம் தலைவர் என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், அட்டை வடிவா வந்திருக்கெல்லே? மகன்தான் கம்ப்யூட்டரில கீறித் தந்தவன்."

"ஓம், பார்த்தனான்."

"ஞாயிறு வகுப்பைத் திரும்பத் துவங்குவம் எண்டு நினைக்கிறம். ரீச்சரின்ர பேரில. நீங்கள்தான் எடுக்கவேணும்."

"முதல்ல இதில இருக்கிற கோட்டை அழியுங்கோ அண்ணை. பிறகு கதைப்பம்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை நெடுநேரம் பார்த்தார்.

"எந்தக் கோடு?" என்றார்.

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மீதிப் பிரதிகள் இருக்கிறதா என்று கேட்டேன். பெட்டியாக இருக்கிறது, கொண்டுபோங்கோ என்று மகிழ்ச்சியோடு சொன்னார். ரீச்சர் மேல் எனக்கிருந்த மரியாதைக்காகக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார். நினைத்ததில் பிழையும் இல்லை.

கௌரி ரீச்சரின் நினைவாக என்னிடம் இருப்பது இப்போது அந்தப் பெட்டிதான். வகுப்பைத் தொடங்குகிறேன். அந்த மண்டபத்தில் இல்லை, நகர நூலகத்தின் அறையில். அவர் பெயரை அதற்கு வைக்கப்போவதில்லை. முதல் நாள், கணினிகளை மூடச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவு மலரும் ஒரு அழிறப்பரும் கொடுப்பேன். முதல் கேள்வி: ரீச்சரின் முகத்துக்குப் பின்னால் இருக்கக்கூடாதது எது?