தராசில் ஏறிய தண்ணீர்

படகு அணியில் சேர்ந்த முதல் நாள், நீந்தத் தெரியுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. பயிற்றுநர் தராசைக் காட்டி ஏறச் சொன்னார். ஐம்பத்தொரு கிலோ.

"ஊரில சாப்பாடு தாறதில்லையா?"

"ஒரு ஊரில நிண்டாத்தானே சேர் சாப்பிடலாம்."

எட்டாம் வகுப்போடு கல்முனையை விட்டவன் நான். இறக்காமத்தில் நெல் சூடடித்தேன். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களைச் சைக்கிளில் கட்டி ஊரூராகக் கூவி விற்றேன். பிறகு கொழும்பில் ஒரு படகோட்டக் கழகத்தில் படகு கழுவினேன். எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் படகுக்குக் கொக்ஸ் இல்லாமல் போனபோது, என் குரலும் சின்ன உடம்பும் அவர்களுக்குப் பொருந்தின. கொக்ஸ் துடுப்பைத் தொடுவதில்லை. பின்முனையில் உட்கார்ந்து சுக்கான் கயிற்றைப் பிடித்து, வேகத்தைச் சொல்ல வேண்டும். போகும் திசையைப் பார்ப்பவன் அவன் மட்டும்தான்.

கொக்ஸ் ஐம்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும் என்பது விதி. குறைந்தால் அந்த அளவுக்கு மணல் பை ஏற்றுவார்கள். எனக்கு முன் இருந்தவன் ஒரு வழி சொல்லித் தந்தான். நிறுப்பதற்கு முன் இரண்டு லீற்றர் தண்ணீர் குடிப்பது, நிறுத்த பிறகு சிறுநீராகக் கழித்துவிட்டு வருவது. மணல் பாதியாகும், படகும் இலேசாகும். நானும் செய்தேன். மூன்று வருடம் தொடர்ந்து வென்றோம்.

நான்காம் வருட இறுதிப் போட்டி வெளியூர் வாவியில், நோன்பு மாதத்தில் வந்தது.

எனக்கு எதிரே முகம் பார்த்து உட்கார்ந்து வலிப்பவன் நேசராசா. பாண்டிருப்பு மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை; என்னை அண்ணன் முறையில் காக்கா என்பான். அந்த முறை வென்றால்தான் வெளிநாடு போகும் அணியில் அவனுக்கு இடம். நிறுப்பதற்கு முன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தான்.

"காக்கா, பயணத்தில நோம்ப விட்டுட்டுப் பிறகு பிடிக்கலாம் எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓம்."

"அப்ப குடிங்க."

"பயணத்துக்கு விடலாம் தம்பி. தராச ஏமாத்துறதுக்கு விடேலாது."

"மூணு வருசமா ஏமாத்தக்குள்ள?"

"அப்ப வயித்தில நோம்பு இருக்கல்ல."

அவன் சிரிக்கவில்லை. போத்தலை மூடிக்கொண்டு போனான்.

நாலு கிலோ மணல் என் காலடியில் ஏறியது. கடைசி இருநூறு மீற்றரில் நேசராசாவின் உதடு வெளுத்திருந்தது. இன்னும் பத்துத் துடுப்பு வலி கேட்டேன். தந்தான். படகின் மூக்களவில் தோற்றோம்.

போட்டி முடிந்ததும் மணல் பையை மறுபடி நிறுக்கக் கொடுக்க வேண்டும். அவனே தூக்கி வந்தான்.

"இதாலதான் தோத்தமா, காக்கா?"

"தெரியாது தம்பி."

"அது தெரியாட்டி, முந்தி எதால வெண்டம் எண்டும் தெரியாதே."

அவனை அணிக்கு எடுக்கவில்லை. அடுத்த வருடம் அவன் வலிக்க வரவுமில்லை. நான் அதன்பின் பல வருடம் கொக்ஸாக இருந்தேன். வெறும் வயிற்றோடு தராசில் ஏறினேன். சில முறை வென்றோம்.

புதிதாகக் கொக்ஸ் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொய்யை விடுவதென்றால் பயிற்சி தொடங்கும்போதே விடுங்கள், அணியிடம் சொல்லிவிட்டு விடுங்கள். நான் இறுதிப் போட்டி அன்று நேர்மையானேன். அதற்கான விலையை நேசராசா கொடுத்தான்.