காய்ச்சல் அக்காவின் நான்கு சக்கரங்கள்

படகுப் பட்டறைப் பக்கம் போய் அவளைப் பற்றி விசாரித்தால், "யாரு, காய்ச்சல் அக்காவா?" என்பார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்து யாரும் பார்த்ததில்லை. படகு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு வெளியூர் போகும்போது, எங்கே வண்டியை நிறுத்தினாலும் அவள் முதலில் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். உள்ளே பேரிங் வறண்டால் சூடு முதலில் அங்கேதான் ஏறும். பிள்ளையின் நெற்றியில் வைக்கிற அதே கை, அதே கவலை. பெயர் வந்தது அப்படித்தான்.

"எனக்கு ஒரு தடவை நிஜமாவே காய்ச்சல் வந்துது. முதல்ல வாசல்ல நின்ன டிரெய்லரைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள வந்து என் நெத்தியைத் தொட்டா," என்பார் அவள் கணவர். பட்டறையில் எஞ்சின் வேலை பார்ப்பவர். ஊருக்கெல்லாம் அவர் மெக்கானிக்; கோபம் வந்தால் அவளுக்கும்.

கல்யாணமான புதிதில் டிரெய்லரை ஓட்டியது மெக்கானிக்தான். முன்னால் ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. பின்னால் எடுப்பதில்தான் வினை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். அந்தச் சூட்சுமம் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு நாள் பக்கத்துப் பட்டறையின் கேட்டைப் பெயர்த்துக்கொண்டு நின்றார். கேட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், அந்த வழியாக வந்த அவள் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் இறங்குங்க," என்று ஏறி உட்கார்ந்தாள். ஒரே எடுப்பில் டிரெய்லரைக் கொட்டகைக்குள் சேர்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அன்றோடு வீட்டில் பாகப்பிரிவினை முடிந்தது. எஞ்சின் அவருக்கு, சக்கரம் அவளுக்கு.

அவளுடைய அண்ணன் வெகு தொலைவில், ஓர் ஆற்று முகத்துவாரத்தில், அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றிப் படகு விடுகிறவர். மீசை முளைத்த நாளிலிருந்து அதே படகுத்துறையில்தான் பிழைப்பு. போன மழைக்காலத்தில் அவர் படகு பாறையில் மோதி வயிறு கிழிந்துபோயிற்று. மாற்றுப் படகைத் தண்ணீரில் ஓட்டிக் காட்ட, உரிமம் கொடுக்கிற ஆபீஸில் கெடு கொடுத்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். படகு இல்லாவிட்டால் துறை வேறு ஆளுக்குப் போய்விடும்.

பட்டறை மூலையில், வருஷக்கணக்காக ஓடாத ஒரு டிரெய்லரின் மேல் தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்த பழைய படகை அண்ணனுக்கே கொடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவர் மெக்கானிக்தான். ஓட்டையை அடைத்து, எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பூட்டி, அது பூனை மாதிரி உறுமுவதைக் கேட்டபோது அவருக்கே தன் கைமேல் ஒரு மரியாதை வந்தது. புதன்கிழமை விடிந்ததும் கிளம்புவதாகத் திட்டம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அந்த டிரெய்லரின் பக்கத்தில் மண்டியிட்டாள். மெக்கானிக்குக் கதை புரிந்துவிட்டது.

"டயர் புத்தம் புதுசும்மா. இந்த டிரெய்லர் ஓடவே இல்லையே. பாரு, ரப்பர் முடிகூட உதிரலை."

"ஓடலைங்க. அதுதான் வியாதியே. நின்ன இடத்துலயே கிழமாயிடுச்சு."

மேற்குப் பக்கத்து டயர்களில் வெயில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அவள் துணியால் துடைத்துக் காட்டினாள். பக்கச் சுவர் முழுக்கப் பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி மயிரிழை மயிரிழையாகக் கீறல். டயர் தரையைத் தொடுகிற பட்டை மட்டும் கடையில் வாங்கிய அன்று போல ஆழமாக இருந்தது. பக்கவாட்டில், செய்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும் நாலு எண்கள் இருந்தன. அவற்றின்மேல் விரலை வைத்தாள்.

"இது எந்த வருஷம் தெரியுதா? நம்ம பொண்ணை ஸ்கூல்ல சேர்த்த வருஷம். அவ இப்ப காலேஜ் முடிக்கப் போறா."

டயர்க் கடையில் அந்த அளவில் கார் டயர்தான் இருந்தது. டிரெய்லருக்கானது அடுத்த ஊரிலிருந்து புதன்கிழமை சாயங்காலம்தான் வரும் என்றார்கள்.

"கார் டயரே போட்டுக்கலாமே? அளவு ஒண்ணுதானே," என்றார் மெக்கானிக்.

"அளவு ஒண்ணு, சுமை ஒண்ணா? வளைவுல படகு ஆடுறப்ப அந்த டயரு பக்கவாட்டுல மடங்கும். உங்க எஞ்சினுக்குச் சமையல் எண்ணெய் ஊத்தினா சும்மா இருப்பீங்களா?"

அதற்கு மேல் பேசியவர் அண்ணன்தான், போனில்.

"டயருக்கு நல்ல நாள் பாக்கறியா நீ? இங்க என் பொழப்பு தொங்குது!"

"தெரியும்ணா. வியாழக்கிழமை காலைல கிளம்பிடுவோம்."

"வழியில வெடிச்சா அப்பப் பாத்துக்கலாம், நீ முதல்ல கிளம்பு."

"அதை நான் பாத்திருக்கேன்ணா," என்றாள் அவள்.

மெக்கானிக்கும் கூட இருந்துதான் பார்த்தார். பல வருஷத்துக்கு முன் நெடுஞ்சாலையில் யாருடைய படகோ கவிழ்ந்த ஆமை மாதிரி மல்லாந்து கிடந்தது. ஆள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் படகைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவள் மட்டும் குனிந்து கிழிந்த டயரைப் பார்த்தாள். அதிலும் பட்டை புதுசாகத்தான் இருந்தது.

"மாப்ளைகிட்டக் குடு போனை," என்றார் அண்ணன். மெக்கானிக் வாங்கிக்கொண்டார்.

"ஏன் மாப்ளே, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"மச்சான், எஞ்சின்ல ஏதாவது சந்தேகம்னா கேளுங்க, சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டயர்கள் வந்து சேர்ந்ததும், கடைக்காரர் தன் ஆட்களை விட்டு மாட்டித் தருவதாகச் சொன்னார். அவள் வேண்டாமென்றாள். பயணத்துக்கு எடுத்துவைத்த ஜாக்கி, எடுத்துவைத்த ஸ்பேனர், இவற்றைக்கொண்டே பட்டறை வாசலில் நாலு சக்கரத்தையும் தானே கழற்றி மாட்டினாள். போகிறவர்கள் சிரித்தார்கள். "என்னக்கா, கிளம்பறதுக்கு முன்னாடியே பஞ்சரா?"

"வழியில ஆகறதை இங்கயே ஆக்கிப் பாக்கறேன்," என்றாள்.

ஆக்கிப் பார்த்ததில்தான் தெரிந்தது: மெக்கானிக் எடுத்துவைத்திருந்த ஸ்பேனர் காருடையது. டிரெய்லர் நட்டில் அது சும்மா சுற்றியது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய்ச் சரியான ஸ்பேனரோடு, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு மரக்கட்டையையும் எடுத்து வந்தார். கட்டையைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. ஸ்டெப்னிக்கும் புது டயர்தான். பழையதில் நல்லதாக ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருந்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை, வெயில் ஏறுமுன் காற்றை அளந்து நிரப்பிவிட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஓரம் கட்டி நட்டுகளை மறுபடி முடுக்கினாள். புதிதாக மாட்டிய சக்கரத்தில் ஓட ஓட நட்டு இளகும். பிறகு சாப்பாட்டுக்கு ஒரு தடவை, டீக்கு ஒரு தடவை, ஒன்றுமில்லாததற்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் புறங்கை. உச்சி வெயிலில் மெக்கானிக்கும் சும்மா இருக்க மாட்டாமல் அளவுக்கருவியை வைத்துப் பார்த்தார்.

"காத்து ஏறியிருக்கும்மா. கொஞ்சம் விட்டுடட்டுமா?"

"ஐயோ, விடாதீங்க! சூட்டுல ஏறினது, ஆறினா தானா இறங்கிடும். இப்ப விட்டா நாளைக்குக் காலைல சொத சொதன்னு நிக்கும். காத்து கம்மியா ஓடினாத்தான் டயர் உள்ளயே வேகும்."

அவர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டார். லாரிகளெல்லாம் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயின. அவள் வேகத்தைக் கூட்டவில்லை. அவருக்கு எரிச்சல் வந்த இடமும் உண்டு. வண்டி ஓட்டும்போது அவள் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்து, எரிச்சலை விட்டுவிட்ட இடமும் உண்டு. அண்ணன் போன் செய்துகொண்டே இருந்தார். அவள் எடுக்கவேயில்லை, ஓட்டும்போது எடுக்க மாட்டாள். மெக்கானிக்தான் எடுத்து, "வந்துட்டிருக்கோம் மச்சான், வந்துட்டிருக்கோம்," என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார்.

இரவு தங்கி, வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டு, முகத்துவாரத்தை அடைந்தபோது அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். "உங்களுக்காகத்தாம்மா இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன். அடுத்த துறைக்குப் போகணும், வண்டி வந்துடுச்சு. படகு மிதக்கறதைப் பாத்துட்டாப் போதும், கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடுவேன்," என்றார்.

அவள் இறங்கிச் சக்கரத்தில் புறங்கையை வைத்தாள். நெடுந்தூரம் ஓடிய சூடு. படகை இறக்க டிரெய்லரையே தண்ணீருக்குள் இறக்க வேண்டும். சூட்டோடு இறக்கினால், பேரிங் இருக்கிற கிண்ணம் சட்டென்று குளிர்ந்து, சீல் என்கிற ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, பேரிங் துருவேறிப் போகும். சக்கரம் ஆறட்டும் என்று கரையில் குடையை விரித்து உட்கார்ந்து, அவசரப்பட்ட எத்தனையோ படகுக்காரர்களிடம் அவள் திட்டு வாங்கியிருக்கிறாள். அதனால், அடுத்து என்ன நடக்கும் என்று மெக்கானிக்குத் தெரியும். அதிகாரியின் காலில் விழலாமா, மச்சானின் வாயைப் பொத்தலாமா என்று யோசித்தார்.

"பாப்பா..." என்றார் அண்ணன். கத்தவில்லை. போனில் அத்தனை கத்தியவர்தான்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு, தண்ணீரில் ஷார்ட் ஆகாதபடி டிரெய்லர் விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, கிரீஸ் டப்பாவையும் புது சீல்களையும் எடுத்து வெளிய வைங்க."

ஏறி உட்கார்ந்து, சரிவில் நேர்கோடு பிடித்தாற்போலப் பின்னால் எடுத்தாள். சூடான சக்கரங்கள் நாலும் தண்ணீருக்குள் இறங்கின. படகு ஒரு தரம் ஆடி, மிதந்தது. மெக்கானிக் தாவி ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முதல் தட்டிலேயே உறுமியது. அதிகாரி படகைச் சுற்றிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, சொன்னபடியே ஓடினார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீராப்பாகக் கேட்டார்: "இதுக்கு மட்டும் விதிவிலக்கா? அப்போ அந்த டயரையும் அப்படியே விட்டிருக்கலாமில்ல?"

அவள் அதற்குள் டிரெய்லரை மேட்டுக்கு இழுத்து, கட்டையை வைத்து, ஜாக்கியை ஏற்றிக்கொண்டிருந்தாள். முதல் சக்கரத்தின் மூடியைத் திறந்து காட்டினாள். கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது.

"இதைப் பாத்தியாண்ணா? கெட்டுப்போச்சு. இங்கயே உக்காந்து கழட்டி, கழுவி, புதுசா வெச்சா சரியாயிடும். என் ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். டயரு வெடிச்ச பிறகு உக்காந்து எதைக் கழட்டறது?"

இவள் பிடிவாதக்காரி என்றுதான் இத்தனை வருஷமும் மெக்கானிக் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எதைப் பிறகு சரிபண்ண முடியும், எதை முடியாது என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவருக்கு இன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

"நீங்க எங்க உக்கார்றீங்க? அண்ணன் முதல் தடவையா இந்தப் படகுல ஆள் ஏத்தறான். எஞ்சின் உங்களோடது. கூடப் போங்க, போங்க."

அக்கரைக்குப் போகிறவர்கள் காலையிலிருந்து காத்துக்கிடந்தார்கள். கூடைக்காரிகள், ஒரு வாத்தியார், சைக்கிளோடு ஒருவர். அண்ணன் ஒவ்வொருவரையும் கைபிடித்து ஏற்றினார். படகு நடு ஆற்றுக்கு வந்ததும் கூடைக்காரி ஒருத்தி கரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே டிரெய்லருக்குப் பக்கத்தில் ஒரு துணி விரித்திருந்தது. கழற்றிய சாமான்கள் வரிசையாக இருந்தன. சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் முழங்கைகள் மட்டும் தெரிந்தன.

"யாரு அந்தம்மா? பாவம், வண்டி ரிப்பேராயிடுச்சா?"

"ரிப்பேரெல்லாம் இல்லைங்க," என்றார் மெக்கானிக். "என் வீட்டுக்காரி. ஊருக்குக் கிளம்பறா."