ஏலகிரியில் இருவருக்கான அறை

ஆம்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், அப்பாவின் வரித் தாள்களை வாங்கக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். ஐம்பதைக் கடந்தவர், ஷூ கம்பெனியின் சீருடைச் சட்டையை மடிப்புக் கலையாமல் அணிந்திருந்தார். உள்ளே நுழையும் முன், வாசலில் சிதறிக் கிடந்த எங்கள் எல்லோருடைய செருப்புகளையும் குனிந்து ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்தார். கம்பெனியில் நாளெல்லாம் ஜோடி சேர்த்துப் பெட்டியில் அடுக்கும் கைகள், யாரும் கேட்காமலே அதைச் செய்தன.

ஆடிட்டரிடம் கைப்பேசியை நீட்டினார். ஏலகிரியில் ஒரு ஹோட்டல் முக்கால்வாசிக்கும் மேல் தள்ளுபடி செய்து அறை தந்திருந்தது.

"சார், இவங்க கொறச்ச பணம் என் வருமானம்னு ஆவுமா? வரி கட்டணுமா?"

"உங்க கம்பெனி குடுத்ததா?"

"இல்ல சார். போன்ல எல்லாருக்கும் வந்துச்சு."

"எல்லாருக்கும் குடுக்கிற தள்ளுபடி வருமானம் ஆவாதுங்க. இதுக்கா இவ்ளோ பேஜார்? வீட்டுக்காரம்மாவ கூட்டிக்கினு ஜாலியா போய்ட்டு வாங்க!"

இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் வாடியது. என் பக்கத்தில் வந்து அமர்ந்து, "வரி இருக்குதுன்னு சொல்லியிருந்தா கேன்சல் பண்ணிருப்பேம்மா," என்றார்.

"ஏன் அங்கிள், போகப் பிடிக்கலையா?"

"ஆசையாத்தான் போட்டேன். ரூம் ரெண்டு பேருக்குன்னு அப்புறந்தான் பார்த்தேன்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வெளியே வந்தபோது என் செருப்புகள் தெருவைப் பார்த்து, சேர்ந்து நின்றன.

அவர் ஏலகிரிக்குப் போனாரா என்று அறியேன். போயிருந்தால், அந்த அறை வாசலில் அவர் ஒழுங்குபடுத்த ஒரே ஒரு ஜோடிதான் இருந்திருக்கும்.