இரண்டு முறை திறந்த கதவு

ஹாலிஎல ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறோம். கடந்த மாதம் என் மகள் யாழினியின் நான்காவது பிறந்தநாள். எங்களிடம் ஓவன் இல்லை. அலுமினியச் சட்டியில் கலவையை ஊற்றி மூடி, கீழும் மேலும் கரி நெருப்பு போட்டுத்தான் கேக் சுடுவேன். அன்று மத்தியானம் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்ததால், கதவையும் ஜன்னலையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

வெனிலா வாசனை பரவியது. யாழினி பாயில் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கும் தலை பாரமாக இருந்ததால் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கொழுந்து பறித்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்த என் நாத்தனார் செல்வியின் குரல்.

"அண்ணி, கதவத் தொறங்க!"

எழுந்துபோய்த் திறந்தேன். அவள் சிரித்தபடி உள்ளே வந்தாள். ஆனால் தட்டும் சத்தம் நிற்கவில்லை. பார்த்தால், நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கதவும் சாத்தியே இருந்தது. மறுபடியும் எழுந்து திறந்தேன். மறுபடியும் வெளியிலிருந்துதான் அவள் குரல் கேட்டது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணி! புள்ளைக்கு என்னாச்சு? ஏன் பேச மாட்டேங்குறீங்க?"

என் கால்கள் அசையவே இல்லை.

செல்வி தோளால் மோதித் தாழ்ப்பாளை உடைத்து, முதலில் பிள்ளையையும் பிறகு என்னையும் வெளியே இழுத்துப் போட்டாளாம். பதுளை ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது, யாழினி பக்கத்துக் கட்டிலில் அழுதுகொண்டிருந்தாள்.

"கரி நெருப்புல வர்ற நச்சு வாயுவுக்கு வாசனையே இல்லம்மா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா, ரெண்டு பேரும் எழும்பியிருக்கவே மாட்டீங்க" என்றார் டொக்டர்.

இப்போது கரி நெருப்பை வாசலுக்கு வெளியேதான் மூட்டுகிறேன். மழை பெய்தால் அன்று கேக் கிடையாது. யாழினி எவ்வளவு அடம்பிடித்தாலும், ரொட்டியில் சீனி தூவிக் கொடுத்துவிடுகிறேன்.