சுமைதாங்கிக்கு நான் எழுதிய வரலாறு

ஒரு சுமைதாங்கிக் கல்லைப் பற்றி நான் தெரிந்தே பொய் எழுதினேன். ஞாபகப் பிசகு என்றோ, ஆதாரம் போதாமல் செய்த ஊகம் என்றோ சொல்லித் தப்பிக்க முடியாது. உண்மையை நேரில் கேட்டேன். அது சிறியதாகப் பட்டது. அதனால் பெரிதாக ஒன்றை எழுதினேன். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான்.

மாடம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த புதிதில், எங்கள் காலனி நலச்சங்கம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டது. ஊர்க் கோயிலைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். அகரம்தென் தாண்டிப் பழைய வண்டிப்பாதை ஒன்று இருப்பதாகப் பால்காரர் சொன்னார். ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஷேர் ஆட்டோவில் கடைசிவரை போய், அங்கிருந்து சீமைக்கருவேல முள்ளுக்குள் நடந்தேன்.

லாரிகள் வருவதற்கு முன்னால், நெல்லும் விறகும் ஏற்றிய மாட்டு வண்டிகள் தாம்பரத்துக்குப் போன வழி அது. இரண்டு சக்கரப் பள்ளங்களும் தூர்ந்த கிணறும்தான் மிச்சம். மாடுகள் தண்ணீர் குடித்த கல்தொட்டியில் பீர் பாட்டில்கள் கிடந்தன. பக்கத்தில் சுமைதாங்கி: நட்டுவைத்த இரண்டு கற்கள், அவற்றின் மேல் மார்பளவு உயரத்தில் ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு தனியாக நடப்பவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்துத் திரும்பத் தூக்கிக்கொள்வதற்கானது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மனை பாக்க வந்தீங்களா? அது அந்தாண்ட."

"இல்லம்மா, இந்தக் கல்லைப் பாக்கத்தான் வந்தேன்."

"கல்லையா?" சிரித்துவிட்டார். "முள்ளுல கால கிழிச்சிக்கினு இதுக்கா வந்தீங்க? இது எங்க பெரியம்மாவுக்கு வெச்சது சார்."

பெரியம்மா என்றது அவருடைய அப்பாவின் முதல் மனைவியை. நிறைமாதத்தில் வலி கண்டு தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோயிருக்கிறார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இந்தத் தொட்டியருகே நிறுத்தியபோது உயிர் போய்விட்டது. பிள்ளை வயிற்றிலேயே நின்றுவிட்டது. அப்படிச் சாகிறவளுக்குச் சுமைதாங்கி வைப்பது வழக்கம். வழிப்போக்கர் ஒவ்வொருவர் சுமை இறக்கும்போதும் அவள் வயிற்றுச் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை.

"அவங்க போனதாலதான் எங்கப்பா எங்கம்மாவ கட்டினாரு. அவங்க இருந்திருந்தா நான் ஏது சார்? என்னை விட்டா அவங்களுக்கு வெளக்கேத்தவும் ஆளு கெடையாது."

வீட்டுக்கு வந்து, சோழர் காலத்து வணிகச் சாத்துகள் இளைப்பாறிய இடம் அது என்று எழுதினேன். மாட்டுக் கயிறு உராய்ந்து தொட்டி விளிம்பில் விழுந்திருந்த தடங்களை, தேய்ந்துபோன கல்வெட்டு எழுத்துகள் என்றேன். அந்தப் பெண் கட்டுரையில் இல்லை. பெரியம்மாவும் இல்லை. மலர் வெளியீட்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காலனியிலிருந்து கார்கள் போயின. சங்கம் கல்லைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, அறிவிப்புப் பலகை வைத்து, பூட்டும் போட்டது. அடுத்த ஆடியில் சிலரை அழைத்துப்போய் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் மஞ்சள் கிண்ணத்தோடு வந்தார். சங்கச் செயலாளர் வழிமறித்தார்.

"மஞ்சள் எல்லாம் பூசக் கூடாதும்மா. இது ஹெரிடேஜ் ஸ்டோன். சோழர் காலம்."

"எந்தச் சோழரு? எங்கப்பாதான் வெச்சாரு. சார், நீங்க சொல்லுங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"சங்கத்துல கேட்டு செய்யுங்கம்மா" என்றேன்.

அவர் வேலிக்கு வெளியிலிருந்தே மஞ்சளைக் கரைத்துத் தெளித்தார். பாதி கம்பியில் விழுந்தது.

பல ஆண்டுகள் அது அப்படியே நடந்தது. நானும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். போன வருடம் கோயில் வாசலில் அவரைப் பார்த்தேன். முட்டி தேய்ந்து கோல் ஊன்றியிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "சார், இந்த ஆடிக்காவது அந்தச் சாவிய வாங்கிக் குடுப்பீங்களா?" என்றுதான் கேட்டார்.

செயலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"என்ன சார் இது! இத்தனை வருஷம் கழிச்சு இப்படிச் சொன்னா எங்க மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? சாவிய வேணா தரேன். மத்தது நமக்குள்ள இருக்கட்டும்."

சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை. பொதுக்குழுவில் எழுந்து நின்று மறுப்பைப் படித்தேன். கல் சோழர் காலத்தது அல்ல, பிரசவத்துக்குப் போகும் வழியில் இறந்த ஒரு கிராமத்துப் பெண்ணின் நினைவாக வைத்தது என்றேன். யாரும் கைதட்டவில்லை. அந்த வருட மலரில் அதை அச்சிட்டார்கள். அறிவிப்புப் பலகையையும் வேலியையும் எடுத்துவிட்டார்கள். ஆடி ஞாயிறன்று அவர் கல்லைத் தொட்டு மஞ்சள் பூசி விளக்கேற்றினார். நான் தள்ளி நின்று பார்த்தேன். மனது லேசாக இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அங்கே போனபோது முள்காடு இல்லை. செம்மண் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். தொட்டியைக் காணவில்லை. சுமைதாங்கி உடைந்து ஓரத்தில் தள்ளப்பட்டிருந்தது. மனைப்பிரிவின் மேற்பார்வையாளர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதான அந்த புரொபசர் சார்? தொல்லியல்காரங்க வந்தா பேஜாராயிடும்னு இந்தத் துண்டு நெலத்தை மட்டும் தொடாம வெச்சிருந்தோம். நீங்களே சோழரு இல்லேன்னு எழுதிட்டீங்களாம். ரொம்ப தேங்க்ஸ் சார்."

அங்கிருந்து நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"மேல்கல்லு ரெண்டா ஒடைஞ்சி கீது சார். பாத்துட்டுதான் வந்தேன்."

கல்லை எடுத்துவந்து, உடைந்த இடத்தை ஒட்டி, என் வீட்டு வாசலில் நட்டுவிடுகிறேன் என்றேன்.

"உங்க வூட்டாண்ட யாரு சார் சொமை எறக்குவா? எல்லாரும் கார்ல போறவங்க." கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "மருமவ நீங்க எழுதுனத படிச்சிக் காட்டினா. ஒரு கிராமத்துப் பொண்ணுன்னு போட்டிருந்தீங்க" என்றார்.

"ஆமாம்மா."

"அவங்களுக்குப் பேரு கீது சார்."

நான் கேட்டதேயில்லை. முதல் நாளும் கேட்கவில்லை, மறுப்பு எழுதியபோதும் கேட்கவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றேன்.

"இனிமே எதுக்கு சார்" என்று சொல்லி, கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வாசலில் சிறிது நேரம் நின்றேன். மருமகள் வந்து, அத்தை படுத்துவிட்டதாகச் சொன்னாள்.